ஒரு நாற்காலியும் இரண்டு கோப்பைகளும்

காப்பீட்டு நிறுவனத்துக்காக, அடிபட்ட வண்டிகளைப் பார்வையிடும் சர்வேயர் அவர். பட்டறைகளில் அவருக்குப் பெயர் ‘கீறல்’. ஒரு கீறல் பழசா புதுசா என்று விரல் நுனியால் தடவியே சொல்லிவிடுவார். மனிதர்களையும் அப்படித்தான் தடவிப் பார்ப்பார். யாராவது ‘சௌக்கியமா?’ என்று கேட்டால், கேட்பவருக்கு என்ன காரியம் ஆக வேண்டும் என்று தெரியும்வரை பதில் வராது. வண்டிக்காரர் குழைந்து பேசினால் விபத்தே பொய். அவருக்குச் சோறு போட்ட சித்தாந்தம் இது.

அவருடைய மனைவி, முழங்காலில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட தன் அக்காவுக்குத் துணையாக வெளியூர் போயிருந்தார். போன சில நாளில் கைப்பேசிக்கு ஒரு செய்தி வந்தது. எழுத்தே இல்லை, எல்லாம் எமோஜி: ஒரு நாற்காலி, இரண்டு கோப்பை, மழை, ஒரு சோக முகம்.

கீறல் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். கோப்பை இரண்டென்றால் ஆள் இரண்டு. நாற்காலியோ ஒன்று. ஆக, ஒரு ஆள் நின்றபடி குடித்திருக்கிறார். யார் அந்த ஆள்? உடனே அழைத்தார்.

“அங்க யாரு வந்திருந்தா?”

“யாரும் வரலையே. ஏங்க?”

“அப்ப அந்த ரெண்டாவது கோப்பை யாருது?”

“நான் அனுப்பினது உங்களுக்குப் புரியவே இல்லையா?”

“புரியறது இருக்கட்டும். எப்ப எடுத்த படம் இது? ஒரிஜினல் போட்டோவ அனுப்பு.”

அந்தப் பக்கம் டொக்கென்று வைக்கப்பட்டது.

மறுநாள் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரம்மாவிடம் காட்டினார். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். “சார், நீங்க பக்கத்துல இல்லாம உங்க வீட்டம்மாவுக்கு டீ இறங்கலையாம்.”

“அத வாயால சொல்ல வேண்டியதுதானே?”

“சொன்னா நம்பிடுவீங்களாக்கும்!”

நம்பமாட்டார்தான். கல்யாணம் ஆன நாளாக அவள் இப்படிக் கொஞ்சியதில்லை. திடீர்க் கொஞ்சல் திடீர் பெயின்ட் மாதிரி. அடியில் ஏதோ ஒடுக்கு இருக்கும்.

அன்று மாலை வந்த செய்தியில் படமில்லை. ‘அக்கா இன்னும் ரெண்டு மாசம் இருக்கச் சொல்றா. இருந்துடட்டுமா? நான் இல்லாதது உங்களுக்கு ஒண்ணும் தெரியலைபோல.’

இதில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. கீறல் ஆடிப்போனார். நான்கு நாளாக அவர் சமையலறைக் குழாயோடுதான் வாக்குவாதம் செய்துகொண்டிருந்தார். இன்னும் இரண்டு மாதம் போனால் குழாய் பதில் பேச ஆரம்பித்துவிடும். ‘வந்துடு’ என்று தட்டினார், அழித்தார். நஷ்டத்தை ஒப்புக்கொண்டு எழுத்தில் கொடுப்பது தொழில் தர்மத்துக்கு விரோதம்.

காலையில் பட்டறை வாசலில் நின்று படமாகவே பதில் அனுப்பினார்: வீடு, நெருப்பு, ஓடும் மனிதன். அதற்கு அவர் மனதில் வைத்திருந்த பொழிப்புரை: ‘வீட்டில் தனியாக இருக்கிறேன், நெஞ்சு கொதிக்கிறது, ஓடி வா.’ கடமை முடிந்ததென்று கைப்பேசியை மேசையில் வைத்துவிட்டு லாரிக்கு அடியில் புகுந்தார்.

வெளியே வந்தபோது மனைவியின் அழைப்புகள் குவிந்திருந்தன. இத்தனை தடவை கூப்பிடுகிறாள் என்றால் ஏதோ விஷயம் இருக்கிறது என்று முகத்தைச் சுருக்கினார். திருப்பி அழைத்தார். எடுப்பாரில்லை.

மாலை வீட்டுக்குப் போனால், தோளில் பையும் கலைந்த தலையுமாக மனைவி ஜன்னலை மோந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எங்கங்க தீப்பிடிச்சுது?”

“எங்கயும் பிடிக்கலையே.”

“மறைக்காதீங்க. வீடு எரியுது, ஓடுறேன்னு நீங்கதானே அனுப்பினீங்க?”

“அது… நெஞ்சுல எரியுதுன்னு.”

“நெஞ்சுலயா! டாக்டர்கிட்ட போனீங்களா?”

“அந்த எரிச்சல் இல்லம்மா. நீ இல்லாம…”

மனைவி அவரை ஏற இறங்கப் பார்த்தார். “நீங்களா இப்படிப் பேசறீங்க? என்னத்த உடைச்சீங்க, உண்மையச் சொல்லுங்க.”

பையை இறக்கி வைத்துவிட்டு உள்ளே போனார். திரைச்சீலையைத் தூக்கிப் பார்த்தார், அடுப்பைத் தடவினார், ஃபிரிட்ஜுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். அதற்குள் கீறல் பையைப் படுக்கையறைக்குக் கொண்டுபோய், துணிகளை ஒவ்வொன்றாக அலமாரியில் அடுக்கத் தொடங்கியிருந்தார்.

“பைய எதுக்குப் பிரிக்கிறீங்க? அதுல என்ன தேடறீங்க?” என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

“சும்மாதான்” என்றார் கீறல், காலிப் பையைப் பரணில் அவளுக்கு எட்டாத மூலைக்குத் தள்ளியபடி.