ராட்டினத்திலிருந்து விழுந்த கேரட்

இருபத்திரண்டு வருடமாக ஒரே கணக்கைத் தப்பாகப் போட்டிருக்கிறேன். சும்மா இல்லை, அதட்டி உருட்டிப் போட்டிருக்கிறேன்.

நடுவட்டம் பக்கம் ஒரு பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இயற்பியல் டீச்சர் நான். தினமும் ஊட்டியிலிருந்து பஸ்ஸில் வருகிறேன். வேலைக்குச் சேர்ந்த வருடம் எழுதிய நோட்டு இன்னும் கைப்பையில் இருக்கிறது. அதில் எனக்கு மிகவும் பிடித்தது ராட்டினக் கணக்கு. ஒரு பெரிய ராட்டினம் சுற்றுகிறது. அதில் ஒரு தொட்டி பதினைந்து மீட்டர் உயரத்தில் நேர் மேல்நோக்கி ஏறிக்கொண்டிருக்கிறது. வேகம் வினாடிக்கு இரண்டரை மீட்டர். அப்போது தொட்டியில் இருப்பவர் கையிலிருந்த கேரட்டை நழுவ விடுகிறார். புவியீர்ப்பு முடுக்கத்தைப் பத்து என்று வைத்துக்கொண்டால், அது எத்தனை வினாடியில் தரையைத் தொடும்? மூலக் கணக்கில் ஆப்பிள்தான் இருந்தது. நம்ம ஊர் என்பதால் அதைக் கேரட் ஆக்கியது நான். இயற்பியலுக்கு என்னுடைய பங்களிப்பு அவ்வளவுதான்.

கையை விட்டால் கேரட் நேராகக் கீழே விழும், விடை வர்க்கமூலம் மூன்று, அதாவது ஒன்று புள்ளி ஏழு மூன்று வினாடி. அப்படியானால் அந்த இரண்டரை மீட்டர் வேகத்தை எதற்குக் கொடுத்தார்கள்? உங்களைக் குழப்பத்தான் என்று வருடா வருடம் விரலை ஆட்டிச் சொல்லிக்கொடுத்தேன். பிள்ளைகளும் தலையாட்டிவிட்டு அந்த இரண்டரையை அடித்துவிடுவார்கள்.

இந்த வருடம் இடைத்தேர்வில் ஒருத்தி மட்டும் அதை அடிக்கவில்லை. பள்ளிக்குக் கொஞ்சம் முன்னால் வளைவில் இருக்கும் டீக்கடைக்காரரின் சின்ன மகள். அதிகம் பேசாத பெண். தொட்டியோடு சேர்ந்து கேரட்டும் மேலே ஏறிக்கொண்டிருந்தது, கையை விட்டாலும் அந்த வேகத்தில் கொஞ்சம் மேலே போய்விட்டுத்தான் இறங்கும், விடை இரண்டு வினாடி என்று எழுதியிருந்தாள். ஐந்து மார்க்குக்கும் முட்டை போட்டேன். அதோடு விட்டேனா? பக்கத்தில் சிவப்பு மையில் 'கேரட்டுக்கு இறக்கை உண்டோ?' என்று எழுதி, வகுப்பில் உரக்கப் படித்தும் காட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள். நான்தான் அதிகம் சிரித்தேன்.

மறுநாள் அவள் குரூப் மாறுவதற்கான படிவத்தோடு வந்து நின்றாள். பாட ஆசிரியர் கையெழுத்து வேண்டும். வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

"பிசிக்ஸ் எனக்கு வராதுங்க மிஸ். காமர்ஸுக்குப் போயிடறேனுங்க."

அழுதிருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "நல்ல முடிவு" என்றேன், மகராசி மாதிரி. நாளைக்கு வாங்கிக்கொள்ளச் சொல்லி, படிவத்தைக் கைப்பைக்குள் திணித்தேன்.

அடுத்த நாள் வியாழக்கிழமை. நல்ல தூறல். எங்கள் பஸ்ஸில்தான் அந்த டீக்கடைக்குப் பேப்பர் கட்டு வரும். அங்கே ஸ்டாப் கிடையாது. டிரைவர் வளைவுக்காக வேகத்தைக் கொஞ்சம் குறைப்பார், கண்டக்டர் படியில் நின்றபடி கட்டைக் கீழே விடுவார். அது சரியாகக் கடை வாசலில் போய் உட்காரும். இத்தனை வருடம் முன் சீட்டிலிருந்து பார்த்திருக்கிறேன். அன்றைக்கு வளைவு வருவதற்கு ரொம்ப முன்பே கண்டக்டர் கட்டோடு படிக்கு வந்ததைப் பார்த்தபோதுதான் உறைத்தது: கடைக்கு முன்னால் இருக்கும் கரண்ட் கம்பத்துக்கிட்டயே அவர் கையை விட்டுவிடுவார்.

"ஏங்க, கடை வரட்டுமே. அதுக்குள்ள எதுக்கு விடறீங்க?"

"கம்பத்துக்கிட்ட விட்டாத்தானுங்க டீச்சர் கடை வாசல்ல விழும்."

"யார் சொன்னது? கையை விட்டா எதுவும் நேரா கீழதான் விழும்."

கண்டக்டர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "படிச்சவங்க சொல்றீங்க. அப்ப நீங்களே போடுங்க."

எனக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து போய் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் கட்டை வாங்கினேன். கடை வாசலில் அந்தப் பெண் நின்றிருந்தாள். வேடிக்கை பார்க்கட்டும் என்று, கடைக்கு நேர் எதிரே வந்ததும் இயற்பியலின் மேல் பாரத்தைப் போட்டுக் கையை விட்டேன்.

பஸ் வளைவில் திரும்பியது. கட்டு திரும்பவில்லை. வந்த வேகத்தில் நேராகப் போய், கடையைத் தாண்டி, தண்ணீர் ஓடிக்கொண்டிருந்த சாக்கடையில் விழுந்தது. டிரைவர் தானாகவே பஸ்ஸை நிறுத்திவிட்டார். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்தார்கள்.

"ஏனுங்க டீச்சர், பேப்பர் உங்களை என்னங்க பண்ணுச்சு?" என்றார் அவளுடைய அப்பா.

அவள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சாக்கடையில் இறங்கிக் கட்டை எடுத்து வந்தாள். அவள் முகத்தில் கேலி இல்லை. இருந்திருந்தால் எனக்குத் தேவலாம்.

"பஸ்ஸோட வேகம் கட்டுக்கும் இருக்கும்ங்க மிஸ். கொஞ்சம் முந்தியே விடணும்."

அன்றைக்கு முதல் பீரியட். சாக்பீஸை எடுத்துக்கொண்டு ராட்டினக் கணக்கைப் போட்டேன். இருபத்திரண்டு வருடத்தில் முதல் தடவையாக அந்த இரண்டரையைக் கணக்குக்குள் விட்டேன். வர்க்கமூலமெல்லாம் காணாமல் போய், சுத்தமாக இரண்டு வந்தது. கணக்கை எழுதிய புண்ணியவான் விடை முழுசாக வரவேண்டும் என்றுதான் அந்த எண்ணைக் கொடுத்திருக்கிறான். குழப்பியது நான்.

"நான் சொல்லிக்கொடுத்தது தப்பு" என்றேன். வாய் அத்தனை சுலபத்தில் திறக்கவில்லை.

உடனே மற்றவர்கள் கொதித்தார்கள். "நீங்க சொன்னதைத்தான மிஸ் எழுதினோம்! எங்க அஞ்சு மார்க்கு போயிருமா?" இயற்பியலில் அவ்வளவு ஆர்வத்தை நான் அந்த வகுப்பில் பார்த்ததே இல்லை. யாருக்கும் குறைக்க மாட்டேன் என்ற பிறகுதான் அடங்கினார்கள்.

பெல் அடித்ததும் அவளைக் கூப்பிட்டு, கையெழுத்துப் போடாத படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். "நீ எங்கயும் போக வேண்டாம். அஞ்சு மார்க்கும் உனக்குத்தான். என்னை மன்னிச்சுக்கோம்மா."

படிவத்தை நாலாக மடித்தாள். போகவில்லை.

"எங்க அக்காவும் ரெண்டுன்னுதான் எழுதியிருந்தாளுங்க மிஸ். நாலு வருசத்துக்கு முன்னாடி. நீங்க முட்டை போட்டீங்க. அவ குரூப் மாறிட்டா."

அக்காவின் முகத்தை நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். வரவில்லை. அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது மட்டும் நானாகத்தான் இருக்க வேண்டும்.

"இன்னைக்குப் போய் அவகிட்டச் சொல்லட்டுங்களா மிஸ்?"