வட்டத்துக்குள் சொன்னது

ஸுல்பிகா டீச்சரைக் கெட்டிக்காரி என்று சொல்பவர்களும் உண்டு, பிள்ளைகளைக் கெடுக்கிறவள் என்று சொல்பவர்களும் உண்டு. எங்கள் கிண்ணியாவில் இரண்டு கூட்டத்துக்கும் பஞ்சமில்லை. பதின்மூன்று வருடங்களாக அவள் தமிழ் படிப்பிக்கிறாள், ஆறாம் வகுப்பு முதல் ஒன்பதாம் வகுப்பு வரை. ஆள் பற்றாக்குறை என்று சொல்லி, வாழ்க்கைத் தேர்ச்சிப் பாடத்தையும் அதிபர் கலீலுர் றஹ்மான் அவள் தலையில் கட்டிவிட்டார். "ரெண்டும் ஒண்டுதானே டீச்சர், ரெண்டிலயும் கதைதானே கதைக்கிற," என்றார். பகிடிக்குத்தான் சொன்னார். அவள் அதை உண்மையாகவே எடுத்துக்கொண்டாள். வினை அங்கேதான் தொடங்கியது.

எட்டாம் வகுப்பில் புதன்கிழமை கடைசி இரண்டு பாடவேளையும் அவளுடையவை. இரண்டையும் ஒன்றாக்கி, மேசைகளைச் சுவரோரம் தள்ளி, கதிரைகளை வட்டமாகப் போடச் சொல்வாள். முப்பத்தேழு கதிரை இழுபடும் சத்தத்துக்குப் பக்கத்து வகுப்புக் கணித ஆசிரியர் ஒவ்வொரு புதனும் எட்டிப் பார்த்து முறைத்துவிட்டுப் போவார். பாடநூல் கதைகளுக்கு விடைகளைப் பிள்ளைகள் முன்கூட்டியே பாடமாக்கி வைத்திருப்பதால், கதையை அவளே எழுதிக்கொண்டு வந்து வாசிப்பாள்.

வாசித்த பிறகு கதையில் வரும் ஆளைப் பற்றி எதையும் சொல்லலாம். தன்னைப் பற்றி மட்டும் சொல்லக் கூடாது. "என்ட வாப்பா" என்று யாராவது தொடங்கினால் கையைக் காட்டி நிறுத்துவாள். எதைச் சொன்னாலும் கதைப் பிள்ளையின் பெயரில் சொல்ல வேண்டும். இது அவள் தானாகக் கண்டுபிடித்த வழி. வீட்டு விசயத்தை வெளியே சொல்லும் பிள்ளைக்கு எங்கள் ஊரில் முதுகில் நாலு விழும். கதைப் பிள்ளையின் வீட்டைப் பற்றிச் சொன்னால் யார் அடிப்பது? கரும்பலகை மூலையில் கட்டம் போட்டு ஒரு வசனம் எழுதியிருக்கும், யாரும் அழிக்கக் கூடாது: வட்டத்துக்குள் சொன்னது வட்டத்துக்குள்ளேயே இருக்கும்.

அதற்குப் பிறகு வாழ்க்கைத் தேர்ச்சி. நமக்கு வேண்டியதைச் சண்டை பிடிக்காமல் ஒருவரிடம் கேட்பது எப்படி? மூன்று வசனம் போதும் என்பாள். எனக்கு என்ன செய்கிறது, அது ஏன், எனக்கு வேண்டியது என்ன. எங்கோ ஒரு பயிற்சிப் பட்டறையில் பிடித்துக்கொண்டு வந்தது. பிள்ளைகள் அதை வைத்து இடைவேளையில் பகிடி விடுவார்கள். "எனக்குப் பசிக்கிது. நீ ரெண்டு றோல்ஸ் வெச்சிரிக்கிறாய். எனக்கு வேண்டியது ஒண்டு." சில வேளை றோல்ஸ் கிடைத்தும் விடும். அதைக் கேள்விப்பட்டு ஸுல்பிகாவுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

ஒரு புதன்கிழமைக் கதையில் மரியம் என்று ஒரு பிள்ளை. விளையாட்டுப் போட்டி நாளில், காயப்போட்ட கருவாட்டுக்குக் காகம் பார்க்க ஆளில்லை என்று அவளை வீட்டில் மறித்துவிடுகிறார்கள். ஒன்றும் பேசாமல் அவள் காகம் துரத்துகிறாள். அவ்வளவுதான் கதை.

"மரியம் என்ன சொல்லியிரிக்கலாம்?" என்று கேட்டாள் ஸுல்பிகா.

"காகத்துக்கிட்ட மூணு வசனம் சொல்லியிரிக்கலாம் டீச்சர்," என்றான் ஸாஜித். வகுப்பே சிரித்தது.

சிரிப்பு அடங்கும்போது நப்லா பேசினாள். வாயில் கொழுக்கட்டை என்று ஆசிரியர்கள் சொல்லும் பிள்ளை அவள். "மரியத்திட உம்மா சவூதிக்குப் போகப் போறா. அடுத்த மாசத்துக்குப் பிறகு மரியம் ஸ்கூலுக்கு வரமாட்டா. தம்பிமார் ரெண்டு பேரும் சின்ன ஆக்கள். வாப்பாக்கு இடுப்பு ஏலாது."

"அது கதையில இல்லையே," என்றான் ஸாஜித்.

"இப்ப இரிக்கி," என்றாள் ஸுல்பிகா.

"வீடு கட்டத்தான் உம்மா போறா. வீடு மரியத்துக்குத்தான். அதால மரியம் ஒண்டும் சொல்ல ஏலாது."

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மாப்பிள்ளை பெண் வீட்டில்தான் வந்து குடியிருப்பார். மகள் பிறந்த அன்றே தாயின் தலைக்குள் கல்லும் சீமெந்தும் வந்து இறங்கிவிடும். மகளுக்கென்று கட்டுகிற வீட்டுக்காக மகளையே பள்ளிக்கூடத்தால் நிறுத்துவதில் யாருக்கும் ஒரு முரணும் தெரிவதில்லை. மரியம் யார் என்று வகுப்பில் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. ஆனாலும் ஒருவர்கூட நப்லாவைத் திரும்பிப் பார்க்கவில்லை. பக்கத்தில் இருந்த அசனா மட்டும் தன் கதிரையைக் கொஞ்சம் நெருக்கிப் போட்டாள்.

"மரியம் உம்மாக்கிட்ட மூணு வசனத்தையும் சொல்லிப் பாக்கலாம்," என்றாள் ஸுல்பிகா. நப்லா கொப்பியில் எழுதிக்கொண்டாள். அடுத்த புதன்கிழமை அவள் வாயே திறக்கவில்லை.

ஸுல்பிகா பேசாமல் இருந்திருக்கலாம். கரும்பலகையில் எழுதியவளே அவள்தானே. ஆனால் ஊருக்குத்தான் உபதேசம். அந்தச் சனிக்கிழமை பின்நேரம் அபாயாவை மாட்டிக்கொண்டு நப்லாவின் வீட்டுக்குப் போய்விட்டாள்.

தகரக் கொட்டில். பக்கத்தில் வீட்டுக்குப் போட்ட அத்திவாரம், உள்ளே எருக்கலை வளர்ந்து நின்றது. நப்லாவின் தாய் அஸ்மியா அவசரமாக ஒரு கதிரையைத் துடைத்துப் போட்டு, பால் போடாத பிளேன்ரீ கொண்டுவந்தாள். டீச்சர் வீடு தேடி வந்ததில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "நப்லா வகுப்பில சொன்னா" என்று ஸுல்பிகா தொடங்கியதும் அந்த முகம் மாறிப்போனது.

"வகுப்பிலயா? எத்தின பேருக்கு முன்னால?"

"பேர் சொல்லல்ல. கதையில வாற பிள்ளையப் பத்தித்தான்..."

"நீங்க கண்டுபிடிச்சிட்டீங்கதானே டீச்சர். மத்தாக்களுக்கு என்ன கண் பொட்டையா?" முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அஸ்மியா எதிரே குந்தினாள். "வீட்டிலயும் வந்து சொன்னா. மூணு வசனம். நல்ல வடிவாச் சொன்னா. நானும் மூணு சொன்னன். எனக்கும் கவலைதான். வீடில்லாத குமர ஆரு கேட்டு வருவான்? எனக்கு வேண்டியது, நீ தம்பிமாரப் பாத்துக்கிட்டு வீட்டில இரிக்கிறது."

அதற்கு என்ன பதில் என்று பயிற்சிப் பட்டறையில் சொல்லித்தரவில்லை. தடுமாற்றத்தில் ஸுல்பிகா கேட்கக் கூடாததைக் கேட்டாள். வெளிநாடு போகிற தாய்மாருக்குக் குடும்பப் பின்னணி அறிக்கை வேண்டும். பிள்ளைகளை யார் பார்ப்பது என்று அதில் எழுத வேண்டும், இல்லாவிட்டால் போக விடமாட்டார்கள். "அந்த அறிக்கையில ஆருட பேர் குடுத்தீங்க?"

வேறு வழி ஏதாவது இருக்கிறதா என்று அறியத்தான் கேட்டாள். அஸ்மியாவுக்கு அது காட்டிக்கொடுக்கப் போகிறவளின் கேள்வியாகக் கேட்டது. கொடுத்திருந்தது தன் தங்கையின் பெயர், நப்லாவுக்குச் சாச்சி. சாச்சி தோப்பூரில் இருப்பவள், வரப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும்.

அஸ்மியா சத்தம் போடாமல்தான் சொன்னாள். "உங்கட றுமானா ராத்தா உங்களப் பாக்க எட்டாம் வகுப்பில ஸ்கூலால நிண்டா. உங்கட உம்மா குவைத்துக்குப் போன நேரம். அண்டைக்கு எந்த டீச்சரும் வீட்டுக்கு வந்து கேக்கல்ல. கேட்டு ராத்தாவக் கூட்டிட்டுப் போயிருந்தா, நீங்க இண்டைக்கு டீச்சரா வந்து இந்தக் கதிரையில இரிக்க மாட்டீங்க."

உண்மை என்றால் இப்படித்தான் இருக்கும், விழுங்கவும் ஏலாது, துப்பவும் ஏலாது. ஸுல்பிகா பாதிப் பிளேன்ரீயோடு எழும்பிவிட்டாள்.

அவள் குடியிருப்பது அக்கா றுமானாவின் வீடு. குவைத்தில் தாய் பதினொரு வருடம் உழைத்துக் கட்டியது. மூத்தவளுக்கு வீடு, இளையவளுக்குப் படிப்பு என்று அன்றைக்கே பிரித்தாயிற்று. கலியாணமாகாத ஸுல்பிகாவுக்கு அங்கே முன்னறை ஒன்று உண்டு. அவள் உள்ளே வந்தபோது றுமானா குசினியில் மீன் அரிந்துகொண்டிருந்தாள்.

"ராத்தா, ஸ்கூலால நிண்டது உங்களுக்குக் கவலையா?"

றுமானா தலை நிமிரவில்லை. "முப்பது வருஷமா ஒரே கூரைக்குக் கீழதான் இரிக்கிறம். இண்டைக்குத்தான் இதக் கேக்கிறாய்." செதிலை வழித்து ஒதுக்கினாள். "புளியக் கரைச்சு வை."

ஸுல்பிகா புளியைக் கரைத்து வைத்தாள். வேறு என்னதான் செய்வது.

திங்கட்கிழமை காலையிலேயே அஸ்மியா பாடசாலைக்கு வந்துவிட்டாள். பிள்ளை தோப்பூருக்குச் சாச்சியிடம் போகிறது என்று சொல்லி விடுகைப் பத்திரம் கேட்டாள். அதிபர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். செய்தி கேட்டு ஸுல்பிகா காரியாலயத்துக்கு ஓடினாள்.

"சேர், புள்ள எங்கயும் போகாது. வீட்டிலதான் நிக்கப் போகுது."

"தாய் வந்து கேட்டா குடுக்காம இரிக்க ஏலுமா டீச்சர்?" அதிபர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இன்னும் ஒரு மாசமாவது வந்திரிப்பா. நீங்க போய்..." என்றவர் மிச்சத்தைச் சொல்லவில்லை. நல்ல மனிதர்.

மிச்சத்தை ஸுல்பிகாவே தனக்குச் சொல்லிக்கொண்டாள். அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் நப்லாவுக்கு இன்னும் நாலு புதன்கிழமை கிடைத்திருக்கும். பத்திரம் தோப்பூருக்குப் போனது, பிள்ளை வீட்டில் நின்றது. இனி அந்தப் பிள்ளையை எந்தப் பாடசாலையும் தேடாது. ஒருநாள் பாலத்தடியில் பஸ் பார்த்து நிற்கும்போது ஸுல்பிகா அவளைக் கண்டாள். இடுப்பில் சின்னத் தம்பி. நப்லா ஸலாம் சொல்லவில்லை. தம்பிக்கு எதையோ காட்டுகிறவள்போல் தண்ணீர்ப் பக்கம் திரும்பி நின்றாள். பஸ் வந்தது, ஸுல்பிகா ஏறிவிட்டாள்.

புதன்கிழமை வட்டம் வழக்கம்போல் நடந்தது. கதிரைகள் இழுபட்டன, கணித ஆசிரியர் முறைத்தார். கதை வாசித்தாள். ஒருவரும் பேசவில்லை. அதற்கடுத்த புதனும் அப்படித்தான். கரும்பலகை மூலையில் கட்டம் போட்ட வசனம் அப்படியே இருந்தது, யாரும் அதைப் பார்க்கவில்லை.

மூன்றாவது புதன்கிழமை மேற்பார்வைக்கு ஒருவர் வந்து பின்சுவரோரம் குறிப்பேட்டோடு உட்கார்ந்தார். எழுத மனமே வராமல் ஸுல்பிகா பழைய மரியம் கதையையே மறுபடி வாசித்தாள். என்ன ஆகப் போகிறதோ என்று பயந்துகொண்டு கேள்வியைக் கேட்டாள்.

கைகள் மளமளவென்று உயர்ந்தன. "பெற்றோர் சொல்லுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பதை இக்கதையிலிருந்து அறிகின்றோம்," என்றாள் அசனா. "மரியம் ஒரு பொறுமைசாலி," என்றான் ஸாஜித், பகிடி ஒன்றும் விடாமல். கடமை, கண்ணியம், குடும்ப ஒற்றுமை என்று ஒவ்வொருவராக எழும்பிப் பரீட்சைத் தாளில் எழுதுவதுபோல் சொன்னார்கள். ஒரு தடக்கல் இல்லை. வந்தவருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. 'மாணவர் பங்குபற்றல் மிகச் சிறப்பு' என்று எழுதி, அதை அவளுக்கும் காட்டிவிட்டுப் போனார்.

மணி அடித்ததும் பிள்ளைகள் கதிரைகளை இழுத்தார்கள். ஸுல்பிகா அசனாவை மறித்தாள்.

"ஏன் புள்ள இப்பிடிச் சொன்னீங்க? மரியத்தப் பத்தி உங்களுக்கு வேற ஒண்டும் சொல்ல இல்லையா?"

அசனா புத்தகப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். பிறகு, படிப்பித்த ஒழுங்கிலேயே, மரியாதையாகச் சொன்னாள்.

"எனக்குப் பயமா இரிக்கி டீச்சர். வட்டத்துக்குள்ள ஏதும் சொன்னா நீங்க வீட்டுக்கு வந்திடுவீங்க. எனக்கு வேண்டியது, நீங்க எங்கட வீட்டுக்கு வராம இரிக்கிறது."

மூன்று வசனத்திலும் ஒரு பிழை இல்லை. ஸுல்பிகா "சரி புள்ள, போங்க" என்றாள். பிறகு மேசையில் உட்கார்ந்து, புள்ளிப் பட்டியலை எடுத்து, வாழ்க்கைத் தேர்ச்சிக்கு நேரே அசனாவுக்கு முழுப் புள்ளியையும் போட்டாள்.