கால் வலிக்கும் வீடு

மகள் ஏழாம் வகுப்பு. பள்ளியில் பெற்றோர் கூட்டம் முடிந்து கிளம்பும்போது பி.டி. சார் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"மேடம், பாப்பாவுக்கு உடம்புக்கு ஏதாவது பிரச்சனையா? கிரவுண்டுக்கு வந்தா நேரா மரத்தடில போய் உக்காந்துடறா. ஓடச் சொன்னா, 'எங்க வீட்ல எல்லாருக்கும் கால் வலி சார்'ங்கறா."

அவர் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வேலை முடிந்து ஊரப்பாக்கத்தில் ரயிலை விட்டு இறங்கி நான் வீடு சேர ஏழரை ஆகிவிடும். உள்ளே நுழைந்ததும் சோபாவில் விழுவேன். "அம்மாவுக்குக் கால் வலிக்குது கண்ணு, கொஞ்சம் தண்ணி கொண்டா." இதைச் சொல்லாத நாள் நினைவில் இல்லை. கணவர் தெருமுனைக் கடைக்குப் பால் வாங்கப் போனாலும் ஸ்கூட்டரை எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை மூன்று பேரும் ஆளுக்கொரு மூலையில் படுத்திருப்போம். அதைத்தான் அவள் பிறந்ததிலிருந்து பார்த்து வருகிறாள்.

அன்று மாலை கேட்டேன். "உனக்கு நெஜமாவே கால் வலிக்குதா?"

குனிந்து தன் காலைப் பார்த்தாள். "தெரியலம்மா. எல்லாருக்கும் வலிக்கும்னு நெனச்சேன்."

திங்கட்கிழமை காலை இருவரும் நடக்கக் கிளம்பினோம். கணவர், "எனக்கு முட்டி சரியில்ல, நீங்க போய்ட்டு வாங்க" என்று புரண்டு படுத்தார். நாலு தெரு தாண்டவில்லை, மூடிய கடை ஒன்றின் படியில் முதலில் உட்கார்ந்தது நான்தான். அவள் நின்றபடி என்னைப் பார்த்தாள். பிறகு அவளும் உட்கார்ந்தாள். வெட்கமாக இருந்தது. நாலாம் நாள் மழை. தெருவில் தண்ணீர் வடிந்த பிறகும் நாங்கள் போகவில்லை. மூன்று வாரம் அப்படியே ஓடிவிட்டது.

ஒரு சனிக்கிழமை அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து என் கட்டிலருகே நின்றாள்.

"நீ தூங்கும்மா. நான் மட்டும் போய்ட்டு வரேன்."

தெரு நாய்களை நினைத்து எழுந்தேன். ஆசையில் இல்லை, பயத்தில். உடம்பெல்லாம் அடித்துப் போட்டது போல இருந்தது. ஏரிக்கரை வரை போய்த் திரும்பினோம்.

இப்போது வாரத்தில் மூன்று நாள் நடக்கிறோம். சில வாரம் ஒரே நாள். அலுப்பு குறைந்ததாகச் சொல்ல முடியாது. பள்ளி விளையாட்டு விழாவில் அவள் ஓடினாள், கடைசிக்கு முந்தைய இடத்தில் வந்தாள். இரவுச் சாப்பாட்டின்போது அப்பாவிடம், "நீங்க எப்பப்பா வருவீங்க?" என்றாள். "அடுத்த வாரம்" என்றார், போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

போன ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே வந்தார். டீக்கடை வரை வந்து, பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். நாங்கள் திரும்பி வரும்போதும் அங்கேயேதான் இருந்தார். மகளைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து எங்களோடு நடந்தார். வீடு வரும்வரை அவருக்கு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் அவருக்காக மெதுவாக நடந்தாள்.