மாமா விட்டுப்போன மேப்பிள்

நான் நான்காம் வகுப்புப் படித்த வருஷம், எங்கள் வீட்டில் குழாய்த் தண்ணீர் குடிக்காத ஒரே ஜீவன் மாமாவின் மேப்பிள் செடிதான். ஆரணியில் எங்கள் தெரு போர் தண்ணீரில் உப்பு அதிகம். அதை ஊற்றினால் இலை ஓரம் கருகிவிடும் என்று மாமா அதற்கு மட்டும் கேன் தண்ணீர் ஊற்றினார். அம்மாவும் அப்பாவும் நானும் குழாய்த் தண்ணீரைக் காய்ச்சிக் குடித்தோம்.

மாமா என்றால் அம்மாவின் தம்பி. கல்யாணம் ஆகாதவர், எங்களோடுதான் இருந்தார். அவருடைய போன் நிறைய குளிர்நாட்டு மேப்பிள் மரங்களின் படங்கள். ஒன்றின் பட்டை பாம்புத் தோல்போலப் பச்சையும் வெள்ளையுமாகக் கோடு போட்டிருக்கும். இன்னொன்றின் பட்டை பழைய போஸ்டர்போலச் சுருள் சுருளாக உரிந்து தொங்கும். தூங்கப்போகும் முன் இந்தப் படங்களை எனக்குக் காட்டுவார். அவற்றில் அவர் கைக்கு எட்டியது, வடக்கே ஏதோ மலை ஊரிலிருந்து பார்சலில் வந்த ஒரு சின்ன ஒட்டுச்செடி. என் இடுப்பு உயரம். இலைகள் நல்ல அரக்குச் சிவப்பு, கத்தரியால் நறுக்கியதுபோல ஐந்தாறு விரல்களாகப் பிரிந்திருக்கும்.

அப்பா அதை ஒருமுறை சுற்றிவந்து பார்த்தார். "புளிச்சக்கீரைக்கும் இதுக்கும் இன்னாடா வித்தியாசம்? அதையாவது கடைஞ்சி சாப்புடலாம்" என்றார். மாமா சிரித்தார். அதுவரை எல்லாம் சிரிப்பாகத்தான் இருந்தது.

அப்பா நெசவாளி. வீட்டிலேயே தறி. மாமாவுக்கு அரிசி ஆலை ஆபீசில் வேலை வாங்கித் தர அவர் இரண்டு பேரிடம் போய் நின்றிருந்தார். ஐப்பசி மாதத்தில் ஒருநாள், மாமா அந்த வேலையை விட்டுவிட்டு வந்து, செடி நர்சரி வைக்கப்போவதாகச் சொன்னார். எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. பின்வாசலில் இருந்த செடிப் பக்கம் கையைக் காட்டி, "பூவும் இல்ல, காயும் இல்ல, ஒக்கார நெழலும் இல்ல. நீயும் அப்பிடியே ஆயிட்டடா" என்றார்.

மாமா தட்டிலிருந்ததைச் சாப்பிட்டு முடித்துவிட்டுத்தான் எழுந்தார். மறுநாள் காலை தோளில் பையோடு நின்றார். ஏற்காட்டில் ஒரு நர்சரியில் வேலை கேட்டிருக்கிறாராம். என்னைச் செடியிடம் கூட்டிப்போனார்.

"பஸ்ல எடுத்துகினு போனா கிளை ஒடிஞ்சிடும் பாப்பா. நீ பாத்துக்கோ. பொங்கலுக்கு வந்து எடுத்துகினு போறேன்."

அப்பா தறியை விட்டு எழுந்து வரவில்லை.

அந்த வயதுக்கு எனக்கு ஒரு கணக்கு தெளிவாகப் புரிந்தது. செடி இருந்தால் மாமா வருவார். செடி போனால், வருவதற்கு அவருக்கு என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் போகும்முன் ஒரு சொம்பு கேன் தண்ணீர், வந்ததும் ஒரு சொம்பு. மழை வலுத்தால் தொட்டியைச் சுவரோரம் இழுத்து வைப்பேன். கேன் சீக்கிரம் தீர்ந்தால் அம்மா இன்னொன்று வாங்கி வைப்பாள்.

மார்கழி பிறந்ததும் இலைகள் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்தன. தண்ணீரைக் கூட்டினேன், குறைத்தேன். செடியைப் போர்வையால் சுற்றிக்கூடப் பார்த்தேன். தொட்டால் இலை கையோடு வந்தது. பத்துப் பதினைந்து நாளில் வெறும் குச்சி நின்றது. நான்தான் கொன்றுவிட்டேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உதிர்ந்ததையெல்லாம் பொறுக்கிப் பழைய நோட்டுக்குள் வைத்திருந்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை.

அரையாண்டு லீவில் ஒருநாள் காலை, தறியடியில் கிடந்த அரக்குப் பட்டு நூல் துண்டுகளை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்குப் போனேன். நோட்டிலிருந்து இலையை எடுத்துக் காம்பைக் கிளையில் வைத்துக் கட்டினேன். காய்ந்த காம்பு, இறுக்கினால் முறிந்தது. இறுக்காவிட்டால் நழுவியது. ஏழெட்டு இலைதான் நின்றிருக்கும். ஒவ்வொன்றிலும் கொட்டைப்பாக்குப்போல ஒரு முடிச்சு.

"இன்னா பண்ற?"

அப்பா பின்னால் நின்றிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. "செத்துப்போச்சுப்பா. மாமா இனிமே வரமாட்டாரு."

அவர் என்னைப் பார்த்தார், குச்சியைப் பார்த்தார். உள்ளே போய் ஒரு கிண்ணத்தில் தண்ணீரும் முக்காலியும் கொண்டுவந்தார். காம்பைத் தண்ணீரில் நனைத்தார். தறியில் ஓடும் பாவில் இழை அறுந்தால் அதை அவர் பிணைப்பது ஊரில் பேர்போனது. முடிச்சு இருக்கும் இடமே தெரியாது. அதேபோல விரல் நுனியில் நூலை ஒரு உருட்டு உருட்டி, ஒரு இழுப்பு. இலை கிளையில் முளைத்ததுபோல நின்றது. நான் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் கட்டினார். தறிச் சத்தம் கேட்காததால் அம்மா எட்டிப் பார்த்தாள்; பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நோட்டு காலியானதும் அப்பா எழுந்தார். "நான் கட்டினேன்னு மாமாகிட்ட சொல்லாத."

போகிக்கு முதல் நாள் மாமா வந்தார். நேராகச் செடியிடம்தான் போனார். குனிந்து ஒரு இலையைத் தொட்டார், பிறகு அதன் காம்பை. நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"யார் கட்டினது பாப்பா?"

"நாந்தான்."

"எல்லாமேவா?"

"எல்லாமே."

மாமா எழுந்து உள்ளே போனார். தறியருகே போய் நின்றார். அப்பா தலையைத் தூக்காமல், "சாப்ட்டியா?" என்று கேட்டார். "இன்னும் இல்ல" என்றார் மாமா. "போய்ச் சாப்டு." அவ்வளவுதான். மூன்று மாதம் கழித்து வந்தவரிடம் இதுதானா பேச்சு என்று எனக்கு எரிச்சலாக இருந்தது.

சாப்பிட்டபின் மாமா என்னை உட்காரவைத்து விளக்கினார். மேப்பிள் வருஷா வருஷம் இலையை உதிர்த்துவிட்டுத் தூங்குமாம். மாசியில் தானாகத் துளிர்க்குமாம். ஒன்றும் சாகவில்லையாம்.

"அப்போ இதெல்லாம் வேணாமே மாமா, அவுத்துடலாமா?"

"இருக்கட்டும்" என்றார்.

பொங்கலுக்கு வந்தவர் மேலும் ஒரு வாரம் தங்கினார். தினமும் காலையில் டீ டம்ளரோடு செடிமுன் உட்கார்ந்து, ஒவ்வொரு முடிச்சாகத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். நான் சற்றுத் தள்ளி நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். நான் சொன்னது பொய் என்று எங்கே தெரிந்துவிடுமோ என்பதுதான் அன்று எனக்கிருந்த ஒரே பயம்.