மைக்கை அணைக்காமல் செய்த ஜெபம்

இன்று நான் உங்கள் முன்னால் உயிரோடு நிற்பதே கர்த்தருடைய இரக்கம்தான். என் பெயர் ஜெபசிங். ஊர் பெருந்துறை.

மொபைலில் சண்டை ஆட்டம் ஆடிப் போட்டிகளுக்குப் போகிற நால்வர் டீமுக்கு நான் கேப்டன். எங்கே பதுங்குவது, எப்போது பாய்வது என்று மைக்கில் சொல்வது என் வேலை. சொல்கிறவன் குரல் நடுங்கினால் மற்ற மூவரும் தடுமாறிவிடுவார்கள். அதனால் குரலை மட்டும் ஆடாமல் வைத்துக்கொள்ளப் பழகினேன். வீட்டிலும் அதே குரல்தான்.

போன வருஷம் கோடையில் அரையிறுதியில் தோற்றோம். ஆட்டத்தில் நான்தான் தவறான வீட்டுக்குள் போகச் சொன்னேன். அந்தக் காட்சியை வெட்டி எடுத்து ஊரெல்லாம் பரப்பினார்கள். முகம் தெரியாதவர்கள் என் அம்மாவையும் சேர்த்துத் திட்டினார்கள். அதன்பின் சாப்பாடு இறங்கவில்லை. தூக்கம் போய்விட்டது. போனைத் தொட்டாலே நெஞ்சு படபடவென்று அடித்தது. ஐயோ, அது எவ்வளவு கொடுமை தெரியுமா!

அம்மா உபவாச ஜெபத்துக்கு ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. "எம்பையன் போனை உட்டுத் தொலைக்கோணுங்க, அதுக்கு ஜெபம் பண்ணுங்க" என்பார். சபையே ஜெபித்தது. எனக்கு ஆத்திரமாக வரும். ஆனால் எனக்கு என்ன ஆகிறது என்று எனக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரு மத்தியானம் பயிற்சி ஆட்டம் முடிந்தது. ஃபேன் சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவைத்திருந்ததால் அறை வெந்துகொண்டிருந்தது. டீமில் எல்லோரும் லைனை விட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்தேன். இயர்போன் கழுத்தில் தொங்க, கட்டிலோரம் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, முடியலீங்க. எனக்கு இருக்கவே புடிக்கல. யாராச்சும் வந்தா தேவலைங்க" என்று கதறினேன்.

மைக்கை அணைக்க மறந்திருந்தேன்.

இயர்போனிலிருந்து மெல்லிய குரல் கேட்டது. "ஏனுங்க கேப்டன்... ஊடு எங்கீங்க?"

கோவை உக்கடத்துக்காரர் ரியாஸ், எங்கள் டீம்காரர். குரல் பழக்கம்தான், நேரில் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஒன்றுமில்லை என்றேன்.

"ஒண்ணுமில்லாம எவனுங்க இப்படி அழுவான்? போய் அம்மாகூட உக்காருங்க. லைனைக் கட் பண்ணாதீங்க. நான் வாரேன்."

ஊரையும் தெருவையும் சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். ரியாஸ் பஸ்ஸிலிருந்து பேசிக்கொண்டே வந்தார். "அவிநாசி வந்துட்டனுங்க." பிறகு, "செங்கப்பள்ளி தாண்டியாச்சு, இருக்கீங்களா?" இருக்கிறேன் என்று சொல்வதற்காகவே இருந்தேன். வேறு எதற்கும் எனக்குத் தெம்பில்லை.

வாசலில் வந்து நின்றவர் என்னைப் பார்த்துவிட்டு, "என்னங்க, அதட்டுற அதட்டுக்கு ஆளு இத்தனூண்டு இருக்கீங்க?" என்றார். அழுகையும் சிரிப்புமாக அவரைக் கட்டிக்கொண்டேன். பிறகு அவர் என் அம்மாவிடம் திரும்பினார். "அம்மா, இவருக்கு ஒடம்பு சரியில்லாத மாதிரிதானுங்க இதுவும். மனசுக்குப் பாக்குற டாக்டர்கிட்டக் கூட்டிப்போகோணுங்க. எங்கண்ணனுக்கும் இப்படித்தான் இருந்துச்சுங்க."

அம்மா என் தலையைப் பிடித்துக்கொண்டார். "போனுக்குத்தானே ஜெபம் பண்ணீட்டிருந்தேன் கண்ணு. உனக்குப் பண்ணவே இல்லியே!"

மறுநாளே டாக்டரைப் பார்த்தோம். உடனே சரியாகிவிடவில்லை. மாத்திரை போட்டும் எழுந்திருக்க முடியாமல் கிடந்த நாட்கள் உண்டு. ஜெபிக்கக்கூட வாய் வராது. அப்போதெல்லாம் அம்மா எனக்காக, என் பெயரைச் சொல்லி ஜெபித்தார். இப்போது சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். மறுபடி ஆடுகிறேன். முடியாத அன்று முடியவில்லை என்று டீமிடம் சொல்லிவிடுகிறேன். தோற்கவும் செய்கிறோம்.

யாராவது வர வேண்டும் என்று கேட்டேன். கர்த்தர் பஸ் ஏற்றி அனுப்பினார். அவருக்கே ஸ்தோத்திரம்.

என்னைப்போல் உள்ளுக்குள் நொறுங்கிக்கொண்டிருக்கும் தம்பி, தங்கைகளே, கதவைச் சாத்திக்கொண்டு ஜெபிக்காதீர்கள். கர்த்தருக்கு எப்படியும் கேட்கும். வீட்டில் இருக்கிறவர்களுக்கும் கேட்கட்டும்.