சொந்தக் கடையில் விலை கேட்டவள்

என் அண்ணியைப் பற்றி நான் நாலு நல்ல வார்த்தை சொன்னால் அன்றைக்கு மழை கொட்டும் என்று சந்தையில் கேலி செய்வார்கள். செய்யட்டும். அவள் எலுமிச்சம்பழம் விற்கிறாள், அவளை ஒட்டி உட்கார்ந்து நான் வாளியும் மக்கும் விற்கிறேன். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், பிறகு என் அண்ணனைக் கட்டிக்கொண்டு எனக்கு மேலே ஏறிவிட்டாள். அதனால் கூப்பிடுவது அண்ணி என்று, பேசுவது வா போ என்று.

அண்ணன் லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தவன். முதுகு போனதும் வீட்டோடு உட்கார்ந்து ரேடியோவுக்குப் பதில் சொல்ல ஆரம்பித்தான். அண்ணி அழுது பார்த்து நேரத்தை வீணாக்கவில்லை. ஒரு கூடைப் பழத்தோடு வந்து, தெரு திரும்புகிற முக்கில், என் வாளிகளைக் காலால் தள்ளிவிட்டு உட்கார்ந்தாள். அந்த முக்குதான் அவளுக்கு எல்லாம். எலுமிச்சம்பழம் வாங்குவதற்கென்று யாரும் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. வெங்காயத்துக்கு வந்தவர்களும் செருப்புத் தைக்க வந்தவர்களும் திரும்புகிற இடத்தில் மஞ்சளாகக் கண்ணில் பட்டால்தான், "அட, வீட்டுல தீந்துபோச்சே" என்று நிற்பார்கள். முக்கு போனால் பிழைப்பு போச்சு.

எங்கள் சந்தையில் எல்லாம் கிடைக்கும், ஒன்றுக்குப் போக மட்டும் இடம் கிடைக்காது. ஆண்களுக்குச் சுவர் இருக்கிறது. எந்தச் சுவரும் அவர்களுக்குப் பாட்டன் கட்டிவைத்த சுவர். பெண்கள் நாங்கள் வாயைக் கட்டிக்கொண்டு வருவோம். அண்ணி தண்ணீரை வாயில் ஊற்றிக் கொப்பளித்துத் துப்பிவிடுவாள். "வாய்க்குக் குடுத்தாச்சு, வயித்துக்கு எதுக்குடி?" என்பாள்.

தாங்கவே முடியாதபோது அடுத்த தெரு ஆஸ்பத்திரிக்கு ஓடுவாள். வாசலில் காவல்காரர் மறிப்பார். "பிரசவ வார்டுண்ணே, நாத்தனாருக்கு வலி எடுத்திருக்கு" என்பாள். வருஷக்கணக்காக எனக்கு வலி எடுத்துக்கொண்டே இருந்தது. ஒருநாள் அந்த மனுஷன் பொறுக்க முடியாமல், "இன்னுமாம்மா பிறக்கல?" என்று கேட்டிருக்கிறார். "சிக்கலான கேசுண்ணே" என்று சொல்லிவிட்டு உள்ளே பாய்ந்திருக்கிறாள். அதே ஆஸ்பத்திரியில் ஒருமுறை நிஜமாகவே படுத்தாள், நீர்க்கடுப்பும் காய்ச்சலுமாக. இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று டாக்டரம்மா கத்தினார். வெளியே தெருவே அதிரப் பேசிக்கொண்டிருந்தவள் அந்தக் கட்டிலில் சுருண்டு கிடந்ததைப் பார்த்தபோது எனக்குப் பயமாக இருந்தது.

இப்படி ஓடும்போதெல்லாம் தராசுத் தட்டைப் பழக்குவியலின் மேல் கவிழ்த்துவிட்டுப் போவாள். எங்கள் சந்தையில் எல்லாப் பெண்களும் அப்படித்தான். ஆள் அவசரமாகப் போயிருக்கிறாள், பக்கத்துக் கடைக்காரி பார்த்துக்கொள் என்று அர்த்தம். இன்னொரு பழக்கமும் உண்டு. நகராட்சிக்காரர் யார் வந்து "இது யாருது?" என்று கேட்டாலும், "தெரியாது சார்" என்றுதான் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் நகராட்சி என்றால் எங்களுக்கு ஒரு லாரி, அவ்வளவுதான். வரும், அள்ளிக்கொண்டு போகும். "என்னோடது" என்று சொன்னவளுக்குப் பொருளும் போகும், அபராதமும் விழும். சொல்லாதவளுக்குப் பொருள் மட்டும் போகும். அதனால் எங்கள் சந்தையில் யாருக்கும் எதுவும் சொந்தமில்லை. முற்றும் துறந்தவர்கள் மாதிரி உட்கார்ந்திருப்போம்.

திடீரென்று நகராட்சிக்கு எங்கள் மேல் பாசம் பொங்கியது. லாரி வருவது நின்றது. எங்களை ஒரு கூட்டத்துக்குக் கூப்பிட்டு, பிஸ்கட் கொடுத்து, மின்விசிறிக்கு அடியில் உட்காரவைத்து, "உங்களுக்கு என்ன வேணும், தயங்காம சொல்லுங்க" என்றார் நகராட்சித் தலைவர். வெங்காயக்காரர் எழுந்து சந்தை வாசலில் கலர் விளக்கு போட்ட வளைவு வேண்டும் என்றார். செருப்புத் தைப்பவர் அந்த வளைவில் ஒரு கடிகாரமும் இருந்தால் எடுப்பாக இருக்கும் என்றார். தலைவர் முகம் மலர்ந்தது. வளைவென்றால் திறப்புவிழா, திறப்புவிழா என்றால் போட்டோ.

அண்ணி எழுந்தாள். "கக்கூசு" என்றாள்.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கழிப்பறைன்னு சொல்லலாமேம்மா" என்றார்.

"எப்படிச் சொன்னாலும் அவசரம் ஒண்ணுதான் சார். வளைவுக்கு அடியில போய் உக்கார முடியுமா?"

பெண்கள் பக்கத்திலிருந்து முதலில் ஒரு சிரிப்பு, பிறகு கைதட்டல். நானும் தட்டினேன். கழிப்பறை வந்தால் மக்கு விற்பனை கூடும் என்று ஒரு ஓரமாகத் தோன்றியதையும் மறைக்க விரும்பவில்லை.

அடுத்து சந்தைக்கென்றே ஒரு அதிகாரியைப் போட்டார்கள். ஒல்லியான மனுஷன், ஸ்கூட்டரில் வருவார், கையில் எந்நேரமும் அளவு டேப்பு. பெயரே டேப்பு சார் என்று ஆகிவிட்டது. தரையில் மஞ்சள் பெயின்டில் ஒவ்வொருவருக்கும் கட்டம் போட்டு நம்பர் எழுதுவார். நம்பர் இருந்தால் லாரிக்குப் பயமில்லை, யாரும் எழுப்பிவிட முடியாது. வந்த முதல் நாளே எனக்கும் அப்படித்தான் விளக்கிச் சொன்னார். லாரி ஞாபகம் வந்தது, இருந்தாலும் பெயின்டைப் பார்த்துத் தைரியம் வந்து, "என்னோடதுதான் சார்" என்று சொல்லி நம்பர் வாங்கிவிட்டேன். அடுத்தது அண்ணியின் இடம். அங்கே ஆளில்லை. தட்டு கவிழ்ந்திருந்தது.

அந்த நேரம் பார்த்து எனக்குப் பிரசவம் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் புது ஆள் தன் கடை முன்னால் நிற்பதைக் கண்டதும் நடை மாறிவிட்டது. காய்கறிப் பையோடு வந்த வாடிக்கைக்காரி மாதிரி அலுங்காமல் வந்து நின்றாள்.

"இது யாரோட இடம்மா?" என்று கேட்டார்.

"எனக்கென்ன சார் தெரியும்? நான் வழியில போறவ."

நான் கண்ணைக் காட்டினேன், புருவத்தைக் காட்டினேன், கடைசியில் வாளியைத் தட்டியும் காட்டினேன். அவள் என்னைப் பார்க்கவே இல்லை. வேஷம் பலமாக இருக்கட்டும் என்று குனிந்து தன் பழத்தையே எடுத்து அமுக்கிப் பார்த்தாள். "என்ன விலைம்மா இது?" என்று என்னிடம் கேட்டாள். நான் திருதிருவென்று முழித்து வாய்க்கு வந்த ஒரு விலையைச் சொன்னேன். "அநியாயமா இருக்கே! இந்தச் சொத்தைப் பழத்துக்கா?" என்று பழத்தைத் திரும்பப் போட்டுவிட்டு வெங்காயக்கடைப் பக்கம் போய்விட்டாள்.

"அண்ணி, இங்க வா!" என்று கத்தினேன். அவள் நடையைக் கூட்டினாள்.

"சார், அது அவங்க கடைதான் சார்" என்றேன்.

"அவங்களே இல்லைங்கறாங்களே" என்றார் டேப்பு சார். பெயின்டைத் தொட்டு அந்த இடத்தில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டார். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

குறிக்கு என்ன அர்த்தம் என்பது மறுநாள்தான் தெரிந்தது. கழிப்பறை வரப்போகும் இடம். அண்ணி என்னையும் இழுத்துக்கொண்டு நகராட்சி அலுவலகத்துக்கு ஓடினாள்.

"அது என் இடம் சார்!"

டேப்பு சார் அவளை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க பழம் சொத்தைன்னு சொன்ன அம்மாதானே?"

அண்ணி எதற்கும் பதில் வைத்திருப்பவள். அன்றைக்கு என்னைப் பிடித்து முன்னால் தள்ளிவிட்டாள். நான்தான் லாரிக் கதை முழுவதையும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை, திட்டவும் இல்லை. சாக்கடைக் குழாய் அந்த முக்குக்கு அடியில் மட்டும்தான் போகிறது, வேறெங்கே கட்டினாலும் தெருவையே தோண்ட வேண்டும், அதற்கு இந்த வருஷம் பணமில்லை என்றார். அண்ணிக்குச் சந்தையின் கடைசியில், டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்தில் இடம் தருவதாகச் சொன்னார். அங்கே நாய்கூடத் தூங்கப் போகாது.

"இல்லன்னா ஆட்சேபணை எழுதிக் குடுங்கம்மா. வேலையை நிறுத்திடறேன். உங்க இடம் உங்களுக்கு. கக்கூசு அடுத்த வருஷம் பாக்கலாம்."

எங்களுக்குத் தெரியாதா, அடுத்த வருஷம் வளைவுதான் வரும்.

அன்று இரவுச் சாப்பாட்டில் அண்ணன், "கடையா கக்கூசா?" என்று ரேடியோ அறிவிப்பாளர் மாதிரி கேட்டான். "கடைதான், இதுல என்ன யோசனை?" என்றாள் அண்ணி. காலையில் ஆட்சேபணையை எழுதிக் கையில் சுருட்டிக்கொண்டு கிளம்பினோம். வழியில் அவளுக்கு அவசரம் வந்தது. ஆஸ்பத்திரி வாசலில் புதுக் காவல்காரன். பிரசவம், நாத்தனார் எதுவும் அவனிடம் செல்லவில்லை. கட்டில் நம்பர் கேட்டான், சீட்டு கேட்டான், பேஷன்டு பேர் கேட்டான். அண்ணி என்னைக் கைகாட்டி, "இதோ இவதான்" என்றாள். அவன் என் வயிற்றைப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்தினான்.

வீடுவரைக்கும் அவள் நடந்த நடையை நான் சொல்லப்போவதில்லை. பாதி வழியில் சேலை நனைந்துபோய் நின்றாள். நான் அவளுக்கு முன்னால் நின்று மறைத்துக்கொண்டேன். எதற்கும் அழாதவள் தெருவில் நின்று அழுதாள். ஆட்சேபணையைக் கிழித்துச் சாக்கடையில் போட்டாள்.

"கட்டட்டும்டி" என்றாள்.

கட்டினார்கள். செங்கல் ஏற ஏற அண்ணி டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் உட்கார்ந்து பழம் காய்ந்துபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்க வந்தவர்களைவிட வழி கேட்க வந்தவர்கள் அதிகம். சாயங்காலம் கொண்டுவந்த கூடையை அப்படியே தூக்கிக்கொண்டு போவாள். என் பக்கத்தில் வம்புக்கு ஆளில்லாமல் எனக்கும் நாள் நகரவில்லை. ஒருநாள் வாளிகளைப் பக்கவாட்டில் பரப்பாமல் ஒன்றுக்குள் ஒன்றாக உயரமாக அடுக்கினேன். எனக்கும் புதுச் சுவருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் வந்தது. ஒரு ஆள் உட்காரப் போதாது.

"ஓய், தள்ளி உக்காருய்யா. வளைவு வேணும்னு கேட்ட வாய்தானே" என்று வெங்காயக்காரரை விரட்டினேன். முணுமுணுத்துக்கொண்டே நகர்ந்தார். அவர் நகர்ந்ததில் செருப்புத் தைப்பவர் நகர வேண்டியதாயிற்று, அவர் நகர்ந்ததில் அடுத்தவர். வரிசையே கட்டத்தைத் தாண்டி அரைச் சாண், கால் சாண் என்று ஒதுங்கிப் போய்விட்டது. அண்ணியின் கூடையைத் தூக்கிவந்து சுவரோரம் கிடைத்த அந்த இடத்தில் வைத்தேன். "உனக்காக இல்ல, என் வாளிய எவனாவது திருடாம பாத்துக்கணும்" என்றேன். "தெரியும், உனக்கு அவ்வளவு நல்ல மனசு ஏது?" என்றாள்.

டேப்பு சார் வந்தார். கோட்டுக்கு ஒரு பக்கம் கடை, இன்னொரு பக்கம் கடைக்காரர் என்று உட்கார்ந்திருந்த வரிசையைப் பார்த்தார். டேப்பை இழுத்தார், எலுமிச்சைக் குவியலைப் பார்த்தார், டேப்பை உள்ளே விட்டுவிட்டு ஸ்கூட்டரில் ஏறிப் போய்விட்டார்.

திறப்புவிழாவுக்குத் தலைவர் கத்தரிக்கோலோடு வந்தார். கழிப்பறைக்கு ரிப்பன் கட்டியதை அன்றுதான் பார்த்தேன். வெட்டினார், போட்டோ எடுத்தார்கள். திரும்பும்போது தலைவர் காலில் ஒரு பழம் தட்டியது. குனிந்து பார்த்தார். நம்பர் இல்லை, கட்டம் இல்லை, கோணல்மாணலாக ஒரு குவியல்.

"இது யாரோட இடம்?"

"தெரியல சார்" என்றார் டேப்பு சார், வானத்தைப் பார்த்துக்கொண்டு.

"தெரியாது சார்" என்றார் வெங்காயக்காரர். "தெரியாது சார்" என்றேன் நான். பழக்கதோஷம், என்ன செய்ய?

அண்ணியின் கையிலிருந்து பழம் ஒன்று நழுவி என் வாளிக்குள் விழுந்தது. தலைவர் மறுபடியும் கேட்டார். அவள் எழுந்து நின்றாள்.

"என்னோடது சார்" என்றாள். பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் இன்னொரு தடவை, தெருமுனைவரை கேட்கிற மாதிரி சொன்னாள். "என்னோடது. இந்தக் கக்கூசுக்குத்தான் என் பழைய இடத்தக் குடுத்தேன்."

"நம்பர் எங்கம்மா?"

"அதை அவர்தான் போடணும்."

எல்லாரும் டேப்பு சாரைப் பார்த்தோம். அவர் ஸ்கூட்டர் பெட்டியைத் திறந்தார். பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷும் அதில் தயாராக இருந்தன. தலைவரின் பளபளக்கும் செருப்புக்குப் பக்கத்தில் மண்டியிட்டுக் கட்டம் போட்டு நம்பர் எழுதினார். போட்டோக்காரர் அதையும் எடுத்துக்கொண்டதால் தலைவரும் சிரிக்க வேண்டியதாயிற்று.

கூட்டம் கலைந்ததும் அண்ணி என் கடையிலிருந்து ஒரு புது மக்கை எடுத்தாள், கேட்காமல்தான். கழிப்பறை வாசலில் வைத்திருந்த புதுக் குழாயில் தண்ணீர் பிடித்து, கொப்பளிக்காமல், துப்பாமல், மடக்மடக்கென்று முழுவதையும் குடித்தாள். இன்னொரு மக்கு பிடித்து அதையும் குடித்தாள்.