ஷெட்டுக்கு எதற்கு உள்தாழ்ப்பாள்?

போன மாதம் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு மர ஷெட் போட்டோம். சாமான் போட்டு வைக்க. அவ்வளவுதான் விஷயம். இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்கிறீர்களா? இருக்கிறது... சொல்கிறேன்.

அரியலூரில் டவுனைத் தாண்டிக் கொஞ்சம் உள்ளே எங்கள் வீடு. ஹால், பெட்ரூம், கிச்சன், அப்புறம் ஒரு சின்ன ரூம். அந்தச் சின்ன ரூமுக்குள் யாரும் நுழைய முடியாது. பழைய டிவி, ஓடாத மிக்ஸி, கொலு பொம்மைப் பெட்டி, மகள் காலேஜ் ஹாஸ்டலுக்குப் போனபின் யாரும் தொடாத சைக்கிள்... கால் வைக்க இடமிருக்காது. அதை ஒழித்து எனக்கு எழுதும் அறையாக்கிக்கொள்ள வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஊருக்கெல்லாம் எழுத்தாளன் என்று சொல்லிக்கொண்டு, டைனிங் டேபிளில் ரசப் பாத்திரத்தைத் தள்ளி வைத்துவிட்டு எழுதினால் நன்றாகவா இருக்கிறது?

எனவே ஷெட். கார்பென்டரை அழைத்துப் பலகையெல்லாம் வாங்கிப் போட்டாயிற்று. சிமென்ட் லாரி ஓயாமல் ஓடுகிற ஊரில் மரத்தில் ஷெட் போடுகிற ஒரே ஆள் நீர்தான் என்று நண்பர்கள் கிண்டல் செய்தார்கள். செய்யட்டுமே!

இங்கே என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். செந்துறைப் பக்கம் மானாவாரி விவசாயம். அத்தை போன பிறகு தனியாகத்தான் இருந்தார். மழையில் வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டதும், இனிமேல் தனியாக இருக்கவேண்டாம் என்று என் மனைவி கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். ஹாலில் ஒரு கட்டில் போட்டுக் கொடுத்தோம். கட்டிலுக்கு அடியில் அவருடைய பை. இடுப்பு சரியாகிவிட்டது. பை மட்டும் அங்கேயே இருந்தது. சத்தமே வராத மனிதர். ஃபேன் போடுவதென்றால்கூட, "போட்டுக்கவா பாப்பா?" என்று தன் மகளை, அதாவது என் மனைவியைக் கேட்டுவிட்டுத்தான் போடுவார்.

ஷெட் வேலை ஆரம்பித்ததும் ஆளே மாறிவிட்டார். கொல்லையில் சேரைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். ஒரே யோசனை மழை!

"மாப்ள, தரையோட தரையா வைக்காதீங்க. கறையான் ஏறிடும். நாலு மூலைக்கும் கல்லு குடுத்துத் தூக்கிடுங்க."

சரியான பேச்சு. தூக்கினோம்.

"ஒரு ஜன்னல் வச்சிடுங்களேன்... காத்து வேணும்ல?"

வைத்தோம்.

"தகரத்துக்கு மேல கீத்து போட்டுட்டா சித்திரையிலகூட சூடு தெரியாது மாப்ள."

தென்னங்கீற்றும் போட்டோம். கடைசியாக, கதவுக்கு உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள் வேண்டும் என்றார். கார்பென்டர் என்னைத் தனியாக அழைத்தார்.

"சார், சாமான் போடுற ஷெட்டுக்கு உள்ள எதுக்குங்க தாழ்ப்பாளு?"

"பெரியவர் ஆசைப்படுறார். போட்டுடுங்க. அவருக்கும் பொழுது போவுதுல்ல?" என்று கண்ணடித்தேன். ஆமாம், கண்ணடித்தேன். அதை நினைத்தால்தான் இப்போதும் முகம் சுடுகிறது.

வேலை முடிந்த மறுநாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் கோயிலுக்கு நானும் மனைவியும் மட்டும் போய்வந்தோம். கூட்டத்தில் நிற்க முடியாது என்று மாமா வீட்டிலேயே இருந்துவிட்டார். மத்தியானம் திரும்பி வந்தால், ஹால் கட்டில் காலி. போர்வை மடித்து வைத்திருந்தது. கட்டிலுக்கு அடியில் பையைக் காணோம்.

"ஐயோ, சொல்லாம செந்துறைக்கே கெளம்பிட்டாரா?" என்று பதறிய மனைவி, பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொல்லி என்னை விரட்டினாள். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கொல்லையிலிருந்து அவள் குரல் கேட்டது.

"அப்பா... என்னப்பா இது?"

ஓடிப்போய்ப் பார்த்தேன். ஷெட்டுக்குள் பாய் விரித்திருந்தது. ஒரு செம்புத் தண்ணீர். பலகையில் ஆணி அடித்து அத்தையின் போட்டோவை மாட்டியிருந்தார். ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

"வந்துட்டியா பாப்பா? நல்லாத்தான் இருக்கு. காத்து ஜிலுஜிலுன்னு வருது. கட்டிலு வேணாம், பாயே போதும்."

"யாருப்பா ஒங்கள இங்க வரச் சொன்னா?"

"நீதானம்மா சொன்ன... அன்னிக்கு மாப்ளகிட்ட. 'பழசையெல்லாம் எதுக்கு வூட்டுக்குள்ள வச்சிக்கிட்டு? ஷெட்டு முடிஞ்சதும் அங்க கொண்டு போயிடலாம்'னு. நான் தூங்கல பாப்பா, சும்மா கண்ண மூடிக்கிட்டுப் படுத்திருந்தேன்."

மனைவி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"இதுல ஒண்ணும் தப்பில்ல. ஒங்களுக்கும் பொழங்க எடம் வேணும்ல? தனியா வூடே கட்டிக் குடுத்த மாதிரிதான இருக்கு!" என்று அவளைத் தேற்றினார். கோபத்தில் சொல்லவில்லை. குத்திக்காட்டவும் இல்லை. நிஜமாகவே தேற்றினார்.

திட்டியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும்!

அந்த மனிதர் இத்தனை நாளும் தன்னை அனுப்பிவைக்கப்போகிற இடத்துக்குத்தான் ஜன்னல் கேட்டிருக்கிறார்... காற்று கேட்டிருக்கிறார்... உள்தாழ்ப்பாள் கேட்டிருக்கிறார். நான் வேடிக்கை பார்த்திருக்கிறேன். நாங்கள் அவரை வெளியே போகச் சொல்லவில்லை, உண்மைதான். ஆனால், இது உங்கள் வீடு என்று எப்போதாவது சொன்னோமா? ஒரு அலமாரித் தட்டாவது காலி செய்து கொடுத்தோமா? மாதக்கணக்கில் பைக்குள்ளிருந்தே வேட்டியை எடுத்துக் கட்டிக்கொண்டிருப்பவர் வேறு எப்படித்தான் நினைப்பார்?

இதற்கு மேல் நான் செய்ததுதான் உச்சம்.

"என்ன மாமா நீங்க? அந்தச் சின்ன ரூமை ஒழிக்கிறதே ஒங்களுக்காகத்தானே! சாமானத்தான் இங்க போடப்போறோம்" என்றேன். யோசிக்கவே இல்லை. பொய் சரளமாக வந்தது.

"எனக்கா? தனி ரூமா?"

"ஆமாம் மாமா. முடிஞ்சப்புறம் சொல்லலாம்னு இருந்தோம்."

மனைவி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அந்த ரூமுக்கு நான் மேஜைக்கு ஆர்டர் கொடுத்திருந்தது அவளுக்குத் தெரியும். அப்பாவின் பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

அன்றைக்கே ரூமை ஒழித்தோம். கட்டில் போட்டோம், அலமாரி கொடுத்தோம். மேஜை ஆர்டரை கேன்சல் செய்தேன். பொய்யை நிஜமாக்கிவிட்டேன், கணக்கு சரியாகிவிட்டது என்று நானே என் முதுகில் தட்டிக்கொள்ளவும் செய்தேன்.

ஆனால் மாமா விடவேண்டுமே? தினம் செந்துறைக்கு யாருக்காவது போன் போடுகிறார்.

"எம் மாப்ள எனக்குன்னே ஒரு ரூமு ஒழிச்சுக் குடுத்திருக்காருப்பா. நாந்தான் தப்பா நெனச்சுட்டேன். பெத்த மவன்கூட இப்புடிச் செய்ய மாட்டான்..."

கேட்கும்போதெல்லாம் எழுந்து வெளியே போய்விடுகிறேன். நாங்கள் செய்த தவறுக்கு அவரல்லவா மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்கிறார்! நேரில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை அந்த ரூம் வாசல்வரை போனேன். "வாங்க மாப்ள, உக்காருங்க" என்று கட்டிலில் நகர்ந்து இடம் கொடுக்கிறார். உட்கார்ந்து மழையைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறேன்.

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன்... மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வாராவாரம் பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு வரி விடாமல் படிப்பார்.

இந்த வாரமும் படிக்கட்டும்.